தேன் தடவிய புத்தகம்



ஒரு சிறுவர் கதைப் புத்தகத்தைக் குறித்து உங்களுக்கு எழுத விரும்புகிறேன். அதற்கு முன்பாக என் குற்றத்தை அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

2018-ஆம் ஆண்டு. எங்கள் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. மும்பையில் வளரும் நம் பிள்ளைகளின் பாடு உங்களுக்குத் தெரியும். பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி. சபையில் தமிழ் வேதாகமம். ஆங்கிலத்தின் சிறிய 'பி'யும் 'டி'யும் அவனுக்கு ஒன்றாகவே தோன்றின. இந்தியில் 'வ' எழுத்தின் வயிற்றில் ஒரு கோடு இழுத்தால் 'ப' ஆகிவிடும்; அந்தக் கோடு அவன் நினைவில் நிற்கவில்லை. தமிழில் 'கெ' என்று எழுதினால், ஒலியில் பின்னால் வருகிற கொம்பு எழுத்தில் முன்னால் நிற்கிறது. பழகிப்போன நமக்கு இதில் ஒரு கஷ்டமும் தெரிவதில்லை.

ஆனால் யோசேப்பின் சரித்திரத்தை ஒருமுறை கேட்டால், அவனுடைய சகோதரர் பெயர்களோடு திருப்பிச் சொல்லுவான். ஆகையால் வாசிக்க மறுப்பது பிடிவாதம் என்றே எண்ணினேன். ஸ்கேலால் அடித்தேன். சோம்பலின் ஆவி என்று சொல்லி, அவன் தலையில் கை வைத்து, அவன் காது கேட்கவே ஜெபித்தேன். அடித்ததைக் காட்டிலும் அந்த ஜெபமே இன்றும் என்னை அதிகமாய் வாதிக்கிறது.

ஒரு ஞாயிறு பள்ளியில் வசனம் வாசிக்க அவனை எழுப்பினார்கள். அவன் பேசாமல் நின்றான், பிள்ளைகள் சிரித்தார்கள். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் அவனுக்கு வயிற்றுவலி வந்தது.

எங்கள் கட்டடத்தில் குடியிருந்த மராத்திய ஆசிரியை ஒருவர் இதைக் கவனித்து, 2007-இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்னும் இந்திப் படத்தைப் பார்க்கச் சொன்னார். எங்கள் வீட்டில் திரைப்படம் பார்ப்பதில்லை என்றேன். அவர் வற்புறுத்தாமல், மறுநாள் ஓர் ஆங்கிலப் படக்கதையைக் கொண்டுவந்து கொடுத்தார். 'தேங்க் யூ, மிஸ்டர் ஃபால்க்கர்' என்பது அதன் பெயர். அமெரிக்க எழுத்தாளரும் ஓவியருமான பட்ரிசியா பொலாக்கோ தம் சொந்தப் பிள்ளைப்பருவத்தையே கதையாக்கி 1998-இல் வெளியிட்டது.

அன்றிரவு படங்களைக் காட்டி, அந்தக் கதையைத் தமிழில் அவனுக்குச் சொன்னேன். டிரிஷா என்னும் சிறுமிக்கு ஐந்து வயதாகும்போது, தாத்தா ஒரு புத்தகத்தின் அட்டைமேல் தேன் ஊற்றி ருசி பார்க்கச் சொல்லுகிறார். அறிவு இனிமையானது, ஆனால் தேனீயைப்போல, பக்கங்களினூடே தேடியே அதை அடைய வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். டிரிஷாவுக்கோ எழுத்துக்கள் நெளிகின்றன. எண்கள் சரிந்துவிழும் கட்டைகளாய்த் தெரிகின்றன. அவள் அழகாகப் படம் வரைகிறவள். தன்னை மூடி என்றே நம்புகிறவள். ஒரு பையன் ஓயாமல் பரியாசம் பண்ண, மாடிப்படியின் கீழே போய் ஒளிந்துகொள்ளுகிறாள். ஐந்தாம் வகுப்பில் வந்த ஃபால்க்கர் ஐயாதான் அவளுடைய இரகசியத்தைக் கண்டுபிடிக்கிறார். பள்ளி முடிந்தபின், வாசிப்பு கற்பிக்கும் ஆசிரியை ஒருவரோடு சேர்ந்து, மாதக்கணக்கில் அவளுக்குக் கற்பிக்கிறார். ஒரு நாள் எழுத்துக்கள் சொற்களாய்த் திறக்கின்றன.

மோசே தன் நாவைக் குறித்துத் தயங்கியபோது, கர்த்தர் அந்த நாவை மாற்றினதாக நாம் வாசிப்பதில்லை. ஆரோனைத் துணையாகக் கொடுத்தார். நானோ ஆரோனைக் கேட்காமல், நாவை மாற்றும்படியே இரண்டு வருடம் போராடிக்கொண்டிருந்தேன்.

கதை முடிந்ததும் மகன் கேட்டான்: "அம்மா, அந்தப் பிள்ளைய அவங்க அம்மா அடிச்சாங்களா?"

"இல்லப்பா" என்று சொல்ல எனக்கு வெகுநேரமாயிற்று. பிறகு அவனிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். நம் வீடுகளில் பெற்றோர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அதிகமில்லை. எனக்கும் அதுவே முதல் தடவை. அவன் என் முகத்தைப் பாராமல், "முதல்ல இருந்து இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றான்.

அதற்குப் பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பரிசோதனைகளின் முடிவில் டிஸ்லெக்சியா என்றார்கள். இது அறிவுக்குறைவல்ல, எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு உண்டாகும் தடுமாற்றம். மருந்தினால் தீர்வதல்ல, எழுத்தொலிகளைப் படிப்படியாய், திரும்பத் திரும்பக் கற்பிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். இதை அறியாத தமிழ்க் குடும்பங்கள் நம் சபைகளிலேயே இருப்பதால் எழுதுகிறேன்.

அவன் இன்றும் மெதுவாகவே வாசிக்கிறான். வசனங்களைக் கைப்பேசியில் கேட்டு மனப்பாடம் செய்கிறான். எங்கள் ஞாயிறு பள்ளியில் இப்போது, வாசிக்க விருப்பமுள்ளவர்களைக் கைதூக்கச் சொல்லுகிறோம். அவன் பெரும்பாலும் தூக்குவதில்லை. சில வாரங்களில் தூக்குகிறான்.

ஆசிரியையின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எங்களுக்கென்று ஒன்று வாங்கினோம். அதன் அட்டையில் பிசுபிசுப்பாய் ஒரு விரல் அடையாளம் இருக்கிறது. அதைப்பற்றி நான் அவனிடம் கேட்டதில்லை.