கூட்ட வேண்டிய ஒன்று

வார வாடகைக் கடைகளில் தீராத வழக்கு ஒன்று உண்டு. திங்கட்கிழமை எடுத்துப்போன சாமானை அடுத்த திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தால் அது ஒரு வாரமா, எட்டு நாளா? பாளையங்கோட்டைப் பக்கம் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் என் சித்தப்பாவின் கடையில் இந்த வழக்கு மாதம் தவறாமல் நடக்கும். தகடு, ஜாக்கி, முட்டுக் குழாய், கலவை மிஷின், வைப்ரேட்டர் எல்லாவற்றுக்கும் வாரக் கணக்குதான். கொத்தனார் கூலியும் சித்தாள் கூலியும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பட்டுவாடா ஆகிற தொழிலில் வாடகையும் வாரத்தில் ஓடுவது இயல்பு.

“எட்டு நாளுல்லா ஆகுது, மேஸ்திரி” என்பார் சித்தப்பா. “கெழம ஒண்ணுதான அண்ணாச்சி, ஒரு வாரத்துக்குப் போடுங்க” என்பார் மேஸ்திரி. நோட்டில் கணக்கு எழுதிய காலம்வரை இதைப் பேசி முடித்துக்கொண்டார்கள். பழகியவருக்கு ஒரு வாரம், பாக்கி வைத்தவருக்கு இரண்டு. கணக்கை எக்செலுக்கு மாற்றித் தரும் வேலை என் தலையில் விழுந்தபோது அந்தத் தாராளத்துக்கு இடமில்லாமல் போயிற்று. சூத்திரத்துக்கு மேஸ்திரியின் முகம் தெரியாது.

எடுத்த தேதி 3-3-2025, கொடுத்த தேதி 10-3-2025 என்று போட்டேன். இரண்டும் திங்கட்கிழமை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 7. அதை 7-ஆல் வகுத்து, மிச்சமிருந்தால் மேலே தூக்கிவிடு என்று ‘ரவுண்டப்’ கொடுத்தால் ஒரு வாரம். எடுத்த நாளும் சேரட்டும் என்று ஒன்றைக் கூட்டினால் 8. வகுத்து மேலே தூக்கினால் இரண்டு வாரம். ஒரே ஒரு ‘ஒன்று’, வாடகை இரட்டிப்பு. அந்த ஒன்றைக் கூட்ட வேண்டுமா என்று எங்கே எழுதியிருக்கிறது? தேடத் தொடங்கினேன்.

முதலில் எக்செலையே கேட்டேன். தேதி இருக்கும் கட்டத்தின் வடிவத்தைச் சாதாரண எண்ணாக மாற்றினால் 3-3-2025 என்பது 45719 ஆகிறது. 10-ஆம் தேதி 45726. ஆக, உள்ளே தேதி என்று எதுவும் இல்லை. எங்கோ ஒரு நாளிலிருந்து எண்ணிவந்த எண்ணிக்கைதான் இருக்கிறது. அந்த எங்கோ எது என்று பார்க்க 1 என்று அடித்துத் தேதியாக மாற்றினேன். 1900 ஜனவரி 1. 60 என்று அடித்தபோது 1900 பிப்ரவரி 29 என்று வந்தது.

அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. 1582-இல் போப் பதிமூன்றாம் கிரகோரி கொண்டுவந்த நாட்காட்டியில், நூற்றாண்டு ஆண்டுகள் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 2000 லீப், 1900 இல்லை. எக்செல் மட்டும் இல்லாத நாளை வைத்திருப்பதற்குக் காரணம் 1983-இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3. ஐபிஎம் பிசி காலத்தில் கணக்குத் தாள் என்றாலே அதுதான். அது 1900-ஐ லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது. 1900 முதல் 2099 வரை நூற்றாண்டு விதியை மறந்துவிட்டு 4-ஆல் வகுபடுகிறதா என்று மட்டும் பார்த்தாலும், தவறிப்போகும் ஆண்டு 1900 ஒன்றுதான். லோட்டஸில் கணக்கு வைத்திருந்தவர்கள் கோப்புகளை மாற்றிக்கொண்டு வரும்போது தேதிகள் நகரக் கூடாது என்பதற்காக மைக்ரோசாஃப்ட் அந்தப் பிழையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. மெக்கின்டாஷுக்கு 1985-இல் வந்த எக்செல், எண்ணிக்கையை 1904 ஜனவரி 1-இல் தொடங்கி இந்தச் சிக்கலைத் தாண்டிப்போனது. இரண்டு முறைகளுக்கும் இடையே 1462 நாள் வித்தியாசம். ஒரு முறையில் இருக்கும் கோப்பிலிருந்து மற்றதற்குத் தேதியை வெட்டி ஒட்டினால் நான்கு வருடமும் ஒரு நாளும் தள்ளிப் போய் நிற்பது இதனால்தான்.

இந்தப் பொய் நாளால் ஒரு கிழமைக் குழப்பமும் உண்டு. 1900 ஜனவரி 1 உண்மையில் திங்கட்கிழமை. எக்செல் அதை ஞாயிறு என்கிறது. மார்ச் 1 முதல் எல்லாம் சரியாகிவிடுகிறது. தேதி எண்ணை 7-ஆல் வகுத்து மிச்சம் பார்த்தால் சனி 0, ஞாயிறு 1, திங்கள் 2. நம் 45719-க்கு மிச்சம் 2. பட்டுவாடாச் சனிக்கிழமைகளைப் பிரித்தெடுக்க எனக்கு இது உதவியது.

ஆனால் என் கேள்விக்கு இதில் பதில் இல்லை. வாடகை என்பது இரண்டு எண்களின் வித்தியாசம். எண்ணிக்கை 1900-இல் தொடங்கினாலும் 1904-இல் தொடங்கினாலும் கழிக்கும்போது அந்தத் தொடக்கம் அடிபட்டுப் போகிறது.

துப்பு கிடைத்தது தசமப் புள்ளிக்குப் பின்னால். தேதியோடு நேரத்தையும் சேர்த்துப் போட்டால் எக்செல் அதைப் பின்னமாக வைக்கிறது. மூன்றாம் தேதி மத்தியானம் பன்னிரண்டு மணி என்பது 45719.5. அப்படியானால் வெறும் 45719 என்பது அந்த நாள் அல்ல, அந்த நாள் பிறக்கிற நள்ளிரவு. நாம் கழிப்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவை. சித்தப்பா எண்ணுவது கால்களை, எக்செல் எண்ணுவது இடைவெளிகளை. வரிசையாக எட்டுப் பந்தல் கால் நட்டால் நடுவே ஏழு இடைவெளிதானே. மேஸ்திரி திங்கள் காலை எட்டு மணிக்கு எடுத்து, அடுத்த திங்கள் மாலை ஆறு மணிக்கு இறக்கினால் மணிக் கணக்கில் ஏழு நாளும் பத்து மணி நேரமும் ஆகிறது. இது இருவர் சொல்வதற்கும் நடுவில் நிற்கிறது.

கால்களையும் இடைவெளிகளையும் மாற்றி எண்ணிய சங்கடம் ரோமாபுரியிலேயே நடந்திருக்கிறது. கி.மு. 45-இல் ஜூலியஸ் சீசரின் புதிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்ட வேண்டும் என்பது விதி. ரோமானியர்கள் தொடங்குவதையும் முடிவதையும் சேர்த்தே எண்ணிப் பழகியவர்கள். நம் வீடுகள் பலவற்றில் காரியத்துக்கு நாள் எண்ணும்போது இறந்த நாளையும் சேர்ப்பதில்லையா, அதே வழக்கம். சீசர் இறந்த பின் அவர்களுடைய பூசாரிகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 36 ஆண்டுகளில் 9 நாள் கூட்டியிருக்க வேண்டிய இடத்தில் 12 நாள். அகஸ்டஸ் சில லீப் ஆண்டுகளை நிறுத்திவைத்துத்தான் அதைச் சரிசெய்தார்.

சரி, வாடகைக்கென்று யாராவது தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்களா? இங்கிலாந்தில் 1777-இல் பியூ எதிர் லீட்ஸ் கோமகன் என்று ஒரு குத்தகை வழக்கு. பத்திரத்தில் எழுதிய தேதி குத்தகைக் காலத்துக்குள் சேருமா, சேராதா? சேராது என்றால் குத்தகை மறுநாள்தான் தொடங்கும்; உடனே தொடங்கும் குத்தகை கொடுக்க மட்டுமே உரிமை இருந்ததால் பத்திரமே செல்லாமல் போகும். நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு, எழுதியவர்களின் நோக்கம் எப்படி எண்ணினால் நிறைவேறுமோ அப்படி எண்ண வேண்டும் என்று அந்த நாளைச் சேர்த்துக்கொண்டார்.

நம் நாட்டுச் சட்டம் இதை இடத்துக்கு இடம் முடிவுசெய்ய விடவில்லை. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 110-ஆவது பிரிவு, குறிப்பிட்ட நாளிலிருந்து தொடங்குவதாக எழுதிய குத்தகையில் அந்த நாளை விட்டுவிட்டு எண்ணச் சொல்கிறது. மேஸ்திரி கட்சி வென்றது என்று பார்த்தால், அது வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்துக்கு. தகடும் ஜாக்கியும் அசையும் பொருள். அவற்றுக்கான 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 160-ஆவது பிரிவு, பேசிய காலம் முடிந்ததும் கேட்காமலே திருப்பிக் கொடு என்பதோடு நிற்கிறது. காலத்தைப் பேச வேண்டியது நாம்தான்.

பேசுவதற்கு முன் சாமான் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, முட்டுகளை எப்போது பிரிக்கலாம் என்று சொல்கிறது. தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14. உத்திரங்களுக்கு 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. எல்லாம் ஏழின் மடங்கு. வார வாடகை இந்தச் சாமானுக்கு இத்தனை கச்சிதமாகப் பொருந்துவது வீண் அல்ல. ஆனால் இந்த ஏழு நாள் கான்கிரீட் போட்டதிலிருந்து. சாமான் எடுத்ததிலிருந்து அல்ல. தகடு அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போடவே மூன்று நாள் ஆகிவிடும். ஒரு வாரத்தில் சாமான் திரும்பி வந்தால், முட்டுகளை முன்கூட்டியே பிடுங்கியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். எட்டாம் நாளே இன்னொரு முழு வாரத்துக்கு வாடகை ஏறும் என்றால், பிடுங்கச் சொல்வது நம் கணக்குதான்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். ‘ரவுண்டப்’ போயிற்று. தகடு, முட்டுக்கு எடுத்த நாள் சேராது. குறைந்தபட்சம் ஒரு வாரம். அதற்கு மேல் நாள் கணக்கு. தேதி வித்தியாசம், ஏழு, இரண்டில் எது பெரிதோ அதை ஏழால் வகுத்து வார வாடகையால் பெருக்கினால் தொகை வந்துவிடும். பத்து நாள் வைத்திருந்தால் இரண்டு வாரத்துக்குப் பதில் ஒரு வாரமும் மூன்று நாளும். கலவை மிஷினுக்கு வேறு வழி. அது பகலில் ஓடுகிற சாமான். திங்களும் செவ்வாயும் ஓடினால் இரண்டு நாள் ஓடியிருக்கிறது, கழித்தால் வருவதோ ஒன்று. அதற்கு வாரக் கணக்கை விட்டு நாள் வாடகை, எடுத்த நாளும் உண்டு. விலைப்பட்டியலில் ஒவ்வொரு சாமானின் பெயருக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்து, கூட்ட வேண்டியது 0-வா 1-ஆ என்று எழுதிவிட்டோம். அதையே ரசீதிலும் அச்சடித்தாயிற்று. எடுக்கும்போதே மேஸ்திரி படித்துவிடலாம்.