கன்னடத்துப் பைங்கிளியின் தமிழ்

பிறமொழியிற் பிறந்து வளர்ந்து, தமிழ் மக்களின் உள்ளத்தில் நிலையான இடம் பெற்ற கலைஞர் பலர். அவர்களுள் நடிகை பி. சரோஜாதேவியின் கதை என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. 2025ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் திகதி, தமது 87ஆவது வயதில், அவர் பெங்களூரிற் காலமானார் என்ற செய்தி வந்தபோது, வெள்ளவத்தையில் என் வயதுப் பெண்கள் பலர் உறவினர் ஒருவரை இழந்தவர்போல் வருந்தினர். கன்னட நாட்டுப் பெண் ஒருவருக்காகக் கொழும்புத் தமிழர் ஏன் கலங்கவேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடியபோது எழுந்த எண்ணங்களையே இங்கு எழுதுகிறேன்.

சரோஜாதேவி 1938 ஜனவரி 7ஆம் திகதி பெங்களூரிற் பிறந்தார். தந்தையார் பைரப்பா ஒரு பொலிஸ் உத்தியோகத்தர், தாயார் ருத்ரம்மா. ஹொன்னப்ப பாகவதர் தயாரித்து நடித்த 'மகாகவி காளிதாசா' என்ற கன்னடப் படத்தில் 1955ஆம் ஆண்டு அவர் தோன்றியபோது வயது பதினேழு. நீச்சலுடையும் கையில்லாத ரவிக்கையும் அணியலாகாது என்பது தாயார் விதித்த கட்டுப்பாடு. அதற்கு அடங்கியே அவர் முன்னணி நடிகையாக உயர்ந்தார்.

1958ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். முதன்முதலாக இயக்கிய 'நாடோடி மன்னன்' வெளிவந்தது. படத்தின் பிற்பகுதியில், கறுப்பு வெள்ளை மாறி வண்ணம் மலரும் வேளையில், சரோஜாதேவியும் திரையில் வந்தார். மறு ஆண்டு ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு'. பின்னர் 'பாலும் பழமும்', 'புதிய பறவை', 'எங்க வீட்டுப் பிள்ளை' என வரிசை நீண்டது. எம்.ஜி.ஆருடன் மட்டும் 26 படங்கள். தெலுங்கிலும் நடித்தார், 1959இல் இந்தியில் திலீப்குமார் நடித்த 'பைகாம்' படத்திலும் இடம்பெற்றார். இத்தனைக்கும் இடையே தாய்மொழியை அவர் கைவிட்டாரல்லர். ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற ராணியின் கதையான 'கித்தூர் சென்னம்மா' 1961இல் வந்தது. கன்னடத்தின் முதல் வண்ணப் படமான 'அமரசில்பி ஜக்கணாச்சாரி'யின் நாயகியும் அவரே.

அக்காலத்தில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு சிறு வீட்டிற் குடியிருந்தோம். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, பி. சுசீலாவின் குரலை நாள் முழுவதும் எங்கள் சமையலறைக்குக் கொண்டுவரும். பாடலைக் கேட்கும்போது கண்முன் நிற்பவரோ சரோஜாதேவி! சுசீலா தெலுங்கு நாட்டவர். நடிகை கன்னட நாட்டவர். கேட்டு உருகிய நாங்களோ கடலுக்கு இப்பால் இருந்த தமிழர். 1965ஆம் ஆண்டு எம்.ஜி.ஆருடன் அவர் இலங்கைக்கு வந்தபோது, என் தாயாரும் அயல்வீட்டுப் பெண்களும் பார்க்கச் சென்றனர். கூட்ட நெரிசலில் அம்மா ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வீடு திரும்பினார். "செருப்புப் போனால் போகட்டும், முகத்தைக் கண்டிட்டன்" என்று பல நாள் சொல்லி மகிழ்ந்தார்.

சரோஜாதேவியின் தமிழ், பண்டிதர் தமிழன்று. சொற்கள் கொஞ்சலாக வரும். சில எழுத்துக்கள் கன்னடச் சாயலில் ஒலிக்கும். 'புதிய பறவை'யில் "கோபால்" என்று அவர் அழைத்த அழைப்பை அந்நாளில் நடித்துக் காட்டாத சிறுமியர் எங்கள் ஒழுங்கையில் இல்லை. ஆனால் அதில் ஏளனம் இருக்கவில்லை. நம் மொழியை விரும்பிப் பேச வந்த ஒருவரின் நாவிலே அது பெற்ற புது வடிவத்தை நாம் இரசித்தோம். 'கன்னடத்துப் பைங்கிளி' என்ற பட்டம் அந்த இரசனையிற் பிறந்ததே.

இதை நினைக்கும்போது மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. 'நாடோடி மன்னன்' வெளிவந்த அதே 1958ஆம் ஆண்டில், இந்நாட்டில் இனக்கலவரம் மூண்டது. அப்போதும், பின்னர் 1983 ஜூலையிலும், வழிமறித்தவர்கள் வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதலொலிக்குத் தமிழில் தனியெழுத்து இல்லை. நாப் பிறழ்ந்தவர் தமிழர் என்று அறியப்பட்டார். ஓர் உச்சரிப்பு, ஒருவருக்கு மாலையாகவும் மற்றொருவருக்கு மரண ஓலையாகவும் ஆகிவிடுகிறதே! பிழை நாவில் இல்லை. கேட்பவர் நெஞ்சிலேதான் இருக்கிறது.

நாவின் பிறழ்வால் நொந்த நாமே, இன்று நம் பிள்ளைகளின் நாவைப் பார்த்து நகைக்கிறோம். சென்ற ஆண்டு கனடாவிலிருந்து வந்த என் பேத்தி, ஒரு கலியாண வீட்டில் நாலு வார்த்தை தமிழிற் பேசினாள். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிரவு அவள், "அம்மம்மா, நான் இனித் தமிழ் கதைக்கமாட்டன். கதைச்சால் எல்லாரும் சிரிக்கினம்" என்றாள். குழந்தையின் குரலில் இருந்த உறுதி என்னை அச்சுறுத்தியது. ஒரு குடும்பத்தில் மொழி அற்றுப்போவது இப்படித்தான். யாரும் அதைத் தடைசெய்ய வேண்டியதில்லை, ஒரு சிரிப்பே போதும்.

அவளை அருகில் இருத்திச் சரோஜாதேவியின் பழைய படமொன்றைக் காட்டினேன். "இவ ஏன் இப்படிக் கதைக்கிறா?" என்று கேட்டாள். "இவவின்ரை வீட்டு மொழி வேறை, பிள்ளை. எண்டாலும் தமிழிலை கதைச்சா. நாங்கள் அறுபது வருஷமாய் இவவை விரும்பிறம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் படத்தை இறுதிவரை பார்த்தாள்.

சரோஜாதேவி 1967இல் பொறியியலாளர் ஸ்ரீஹர்ஷாவை மணந்தார். மணமானபின் நடிகைகள் ஒதுங்கிவிடுவதே வழக்கமாயிருந்த காலத்தில் அவர் தொடர்ந்து நடித்தார். 1986இல் கணவரை இழந்து சிலகாலம் விலகியிருந்து, மீண்டும் வந்தார். 1977இல் ராஜ்குமாருடன் கன்னடப் 'பப்ருவாஹனா'வில் நடித்தவரை, 2009இல் 'ஆதவன்' தமிழ்ப் படத்திலும் இளந்தலைமுறை கண்டது. 1969இல் பத்மஸ்ரீ, 1992இல் பத்மபூஷண் விருதுகள் அவரைத் தேடி வந்தன. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்த வாழ்வில், தம் தமிழ் செம்மையானது என்று அவருக்கு யாரும் சான்றிதழ் அளிக்கவில்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, நீங்கள் கற்கும் மொழி எதுவாயினும், பிழை வருமென்று அஞ்சி வாய்மூடி இருந்துவிடாதீர்கள். வெள்ளவத்தைச் சந்தையிலே சிங்களப் பெண்மணி ஒருவர் தமிழில் விலை சொன்னால், அதே மரியாதையோடு சிங்களத்தில் விடை சொல்லிப் பாருங்கள். பெற்றோர்களே, விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் தடுமாறித் தமிழ் பேசும்போது, திருத்துவதற்கு முன்னர் முழுவதையும் கேளுங்கள். பெங்களூரிலிருந்து வந்த பெண்ணுக்குக் காட்டிய பொறுமையை, நம் சொந்தப் பிள்ளைகளுக்கு மறுப்பது நியாயமாகுமா?