மாமாவின் மழை நோட்டும் என் ட்ரைவரும்

ரொம்ப நாளா பதிவு எழுதலை. ஆணி அதிகம்னு சொன்னா நம்பவா போறீங்க? போன வாரம் வடகவுஞ்சி போயிட்டு வந்தேன். அங்க மாமாவோட நோட்டைப் புரட்டினதும் பழைய காயம் ஒண்ணு கிளம்பிடுச்சு. எழுதித் தீர்த்துடறேன்.

டிஸ்கி: நடுவுல கொஞ்சம் பொட்டி தட்டற சமாச்சாரம் வரும். கோட் எதுவும் கிடையாது, தைரியமா படிக்கலாம்.

வடகவுஞ்சி, பழனியிலேருந்து கொடைக்கானல் ஏறுற பாதையில, பெருமாள்மலைக்கு முன்னாடியே வர்ற ஊர். காப்பி, மிளகு, மலைவாழை. ஏரி, படகு, குதிரைன்னு போறவங்க யாரும் இங்க இறங்கறதில்ல (நல்லதாப் போச்சு). அம்மாவோட அண்ணனுக்கு அங்க கொஞ்சம் காப்பித் தோட்டம். வீட்டுக்கு மேல நாப்பது படி ஏறினா ஒரு மழைமானி. தினமும் காலைல எட்டரைக்கு ஏறிப்போய், தண்ணியை அளவுக் கண்ணாடியில ஊத்திப் பார்த்து, இஞ்ச் - சென்ட் கணக்குல நீட்டு நோட்டுல எழுதுவார். 1987லேருந்து எழுதறார். பூ மழை என்னைக்கு, எவ்வளவு விழுந்துச்சுங்கறதை வச்சுத்தான் அந்த வருஷக் காப்பி. அதனால ஊர்ல யாருக்கு சந்தேகம் வந்தாலும் மாமா நோட்டுதான் கோர்ட்டு.

2018ல அவருக்கு முழங்கால் வலி. நாப்பது படி முடியலை. மருமகப்பிள்ளை நான் எதுக்கு இருக்கேன்? சென்னையில பொழப்பே எம்பெடட் ஆச்சே. மழை விழ விழ கவிழுற வாளி வச்ச மானி, ஒரு மைக்ரோ கண்ட்ரோலர், ஒரு ஜிகாபிட் ஃப்ளாஷ் சிப், பேட்டரி. செப்டம்பர் 1ஆம் தேதி மாட்டிட்டு, "இனிமே எதுக்கு மாமா நோட்டு?"ன்னு சொன்னேன். அந்த வாக்கியத்தை இன்னைக்கு நினைச்சாலும் நாக்கைக் கடிச்சுக்கறேன். மாமா நம்பி நோட்டை மூடி வச்சுட்டார்.

நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, நேரா கொடைக்கானல் மலை வரைக்கும் வந்து மரத்தையெல்லாம் சாய்ச்சது ஞாபகம் இருக்கும். கரண்ட் போச்சு. பெட்டி பேட்டரியில ரெண்டு நாள் ஓடி நின்னுச்சு. பல நாள் கழிச்சு கரண்ட் வந்ததும் மாமா ஃபோன் பண்ணினார். "மாப்ள, கஜாவுக்கு எத்தனை இஞ்ச்னு ஊரே கேக்குது. எடுத்துச் சொல்லு."

போய் எடுத்தேன். பெட்டி காலி. எழுபத்தெட்டு நாள் மழை, ஒரு சொட்டு இல்ல.

தப்பு சிப் மேல இல்ல. நான் எழுதின ட்ரைவர் மேல. அதுலயும் கோட்ல பிழைன்னு சொல்ல முடியாது, இன்டர்ஃபேஸை வடிவமைச்ச விதமே பிழை.

ஃப்ளாஷ்ங்கறது ஒரு வினோதமான சிலேட்டு. 1984ல டோஷிபாவுல ஃபுஜியோ மசுவோகா இதை அறிவிச்சப்போ, எல்லாத்தையும் ஒரே வெட்டுல அழிக்கறது கேமரா ஃப்ளாஷ் மாதிரி இருக்குன்னு அவரோட சகா ஒருத்தர் வச்ச பேர் இது. ஒரு வரியை மட்டும் அழிச்சு எழுத முடியாது. என் சிப்புல 2048 பைட் ஒரு பக்கம், 64 பக்கம் ஒரு பிளாக், மொத்தம் 1024 பிளாக். எழுதறது பக்கம் பக்கமா, அழிக்கறது பிளாக் பிளாக்கா. ஒரு பிளாக்கை சுமார் லட்சம் தடவை அழிக்கலாம், அப்புறம் அது தேய்ஞ்சுடும்.

நான் என்ன பண்ணினேன்? மேல இருக்கற புரோகிராம் கஷ்டப்படக் கூடாதுன்னு 'எழுது', 'படி'ன்னு ரெண்டே ரெண்டு ஃபங்ஷன் குடுத்தேன். நோட்டுப் புத்தகம் மாதிரி எங்க வேணா எழுதலாம். ட்ரைவரே உள்ளுக்குள்ள பிளாக்கை அழிச்சுத் திருப்பி எழுதிக்கும். என்ன அழகு! அந்த அழகை நம்பி, 'கடைசியா எங்க எழுதினேன்'ங்கற குறிப்பை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரே இடத்துல எழுதிட்டிருந்தேன். எழுபத்தெட்டு நாளுக்குக் கணக்குப் போடுங்க: 1,12,320 தடவை. ஒரே பிளாக்கை.

சரி, தேயும்போது சிப் சொல்லலையா? சொல்லுச்சு. சிப்புக்குள்ளயே இருக்கற குட்டி கண்ட்ரோலர், ஒவ்வொரு பக்கத்தைப் படிச்சதும் ஸ்டேட்டஸ்ல ரெண்டு பிட் குடுக்கும். 00ன்னா சுத்தம். 01ன்னா பிட் கெட்டிருந்துச்சு, நான் சரி பண்ணிட்டேன். 10ன்னா என்னால முடியலை. என் 'படி' திருப்பிக் குடுத்தது சரி / தப்பு ரெண்டே பதில். 01ஐ 'சரி'யில போட்டு முழுங்கிட்டேன். அது எத்தனை நாளா முனகிட்டிருந்துச்சோ, கேக்க ஆளில்ல.

கரண்ட் திரும்பினப்போ குறிப்பைப் படிக்க முடியலை, 10. 'குறிப்பு இல்லையா, அப்போ இது புது சிப்'னு என் புத்திசாலி ஸ்டார்ட்டப் கோட் முடிவு பண்ணி, 1024 பிளாக்கையும் அழிச்சுடுச்சு. பிளாக்குக்கு ரெண்டு மில்லிசெகண்ட். மொத்தம் ரெண்டே செகண்ட். கெட்ட பிளாக்னு ஃபேக்டரியில போட்டு அனுப்புற அடையாளமும் அதோட போச்சு.

லினக்ஸ்காரங்க இதையெல்லாம் எப்பவோ பட்டுத் தெளிஞ்சிருக்காங்கன்னு அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். டேவிட் வுட்ஹவுஸ் ஆரம்பிச்ச எம்டிடி அடுக்குல 'அழி'ங்கறது தனி ஃபங்ஷன், யாரும் ஒளிச்சு வைக்கறதில்ல. படிக்கறப்போ சரி பண்ணின பிட் ஒரு அளவைத் தாண்டினா 'இயூக்ளீன்'னு ஒரு பதில் வரும்: டேட்டா நல்லாத்தான் இருக்கு, ஆனா இடத்தை மாத்திக்கோ. 2007ல கர்னலுக்குள்ள வந்த யூபிஐ அந்தப் பதிலைக் கேட்டதும் டேட்டாவை வேற பிளாக்குக்கு நகர்த்திடும். கண்ட்ரோலர் பக்கமும் ஒரு கதை இருக்கு. பழைய இன்டர்ஃபேஸ்ல கட்டளையைத் துண்டு துண்டா குடுப்பாங்க. சர்வர்கிட்ட "ஒரு..." "மசாலா..."ன்னு இழுத்தா, அவர் தோசையா டீயான்னு ஊகிக்கணும், அந்த மாதிரி. 2018ல 4.16 கர்னல்ல வந்த 'எக்ஸெக் ஆப்'ல கட்டளை, முகவரி, காத்திரு, டேட்டான்னு முழு ஆர்டரும் ஒரே சீட்டுல போகுது. நான் வாளி மானியை ஆட்டிப் பார்த்துட்டிருந்த அதே வருஷம்!

அடுத்த பெட்டியில 'அழி', 'எழுது', 'படி' மூணும் தனித்தனி. 'படி' 01ஐ அப்படியே மேல சொல்லும். குறிப்புன்னு ஒரு இடமே கிடையாது. ஒவ்வொரு பக்கத்துலயும் வரிசை எண் இருக்கும், ஸ்டார்ட் ஆகறப்போ தேடிக்கும். எதையும் தானா அழிக்காது.

இதை மாட்டப் போனப்போ மாமாகிட்ட நடந்ததைச் சொன்னேன். 'சரி பண்ணிட்டேன்'னு சிப் சொன்னதை நான் முழுங்கினது வரைக்கும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. "அப்ப அது ஒட்டுப் போட்டுத்தான் ஓட்டிட்டு இருந்திருக்கு. அதை எனக்கும் காட்டிருக்கலாம்ல மாப்ள"ன்னார். திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு. பெட்டியோட சின்னத் திரையில மழைக்குக் கீழ ஒட்டுன்னு ஒரு எண்ணையும் சேர்த்துட்டு வந்தேன்.

போன வாரம் பார்த்தேன். 2018 நோட்டுல செப்டம்பர் 1லேருந்து வெத்துக் கோடு, குறுக்க 'மாப்ள பெட்டி'ன்னு பென்சில்ல எழுதியிருக்கார். கஜா அன்னைக்கும் அதேதான். இப்ப மாமா கம்பு ஊனிக்கிட்டு படி ஏறி, கண்ணாடியில அளந்து எழுதிட்டு, பக்கத்துல பெட்டிக் கணக்குக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கார். மூணாவது கட்டம் ஒட்டு. அன்னைக்கு அதுல 3ன்னு இருந்துச்சு.