முதல் பூச்சு

ஆடி 3

உலோக வேலை செய்கிறவரைப் பேட்டி காண வருகிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: இந்த உருவம் உங்களுக்குள் எப்படித் தோன்றியது? பதிலும் பெரும்பாலும் கைவசம் தயாராக இருக்கும். சின்ன வயதில் பார்த்த ஆற்றங்கரை, கோயில் குளம், வண்டிமாடு, தும்பி பிடித்த மத்தியானம். கேட்டவருக்குத் திருப்தி, சொன்னவருக்கும் வேலை முடிந்தது. இந்தப் பதிலில் பொய் இல்லை, ஆனால் போதவில்லை. ஆற்றங்கரையைப் பார்த்து வளர்ந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் விக்கிரகம் வார்த்தவர்கள் எத்தனை பேர்? பார்த்ததுதான் காரணம் என்றால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது. கிராமத்துப் பிள்ளைப்பிராயம் ஒரு வார்ப்புக்காரருக்கு என்ன கொடுக்கிறது என்பதைப் பட்டறைக்குள்ளே தேடுவதுதான் முறை. என் கட்சி இது: அது கண்ணுக்குக் கொடுப்பதைவிடக் கைக்குக் கொடுப்பது அதிகம். மண், சாணி, உமி, மெழுகு, நெருப்பு, ஈரம் இவையெல்லாம் எப்போது இணங்கும், எப்போது முரண்டு பிடிக்கும் என்கிற அறிவை, பாடம் என்று சொல்லாமலே விரலில் ஏற்றிவிடுகிறது. பின்னாளில் நாம் தூண்டுதல் என்று பெயர் வைப்பது, அந்த அறிவு வாய் திறக்கும் நேரத்தைத்தான்.

சாட்சிக்குச் சுவாமிமலையைக் கூப்பிடுகிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் இருக்கும் இந்த ஊரின் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் மண் பூசி அச்சு எடுக்கிறார்கள். முதல் பூச்சுக்கு ஆற்று வண்டல். அதோடு உமிக்கரியும் சாணியும் சேர்த்து, வெண்ணெய்ப் பதத்துக்கு அரைத்து, மெழுகின் மேல் மெல்லிசாகத் தடவி, நிழலில் உலர்த்துவார்கள். நகக்கண், இமைக்கோடு, பூணூல் இழை எல்லாம் இந்தப் பூச்சில்தான் பதிய வேண்டும். அதன் மேல் களிமண்ணும் மணலும், அதற்கும் மேல் சொரசொரப்பான மண், பெரிய சிலையானால் இரும்புக் கம்பிக் கட்டு. பிறகு வறட்டி அடுக்கிச் சூடு காட்டினால் மெழுகு உருகித் துவாரத்தின் வழியே ஓடிவிடும். அது விட்டுப்போன இடத்தில் உலோகம் இறங்கும். இதில் ஒவ்வொரு படியிலும் ஒரு விபத்து ஒளிந்திருக்கிறது. வெயிலில் வைத்தால் மண்ணின் மேல்தோல் முந்திக்கொண்டு இறுகி விரிசல் விடும். உமிக்கரி குறைந்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழி இராது. அச்சில் துளி ஈரம் மிஞ்சினாலும், ஆயிரம் டிகிரிக்கு மேல் உருகி வரும் உலோகம் பட்ட மாத்திரத்தில் ஆவியாகி அச்சைப் பிளக்கும். இப்போது கிராமத்து வீட்டின் கொல்லைப்புறத்தை நினைத்துக்கொள்ளலாம். மண் அடுப்பு போடுகிறவள் களிமண்ணில் உமி பிசைவது எதற்கு? குதிர் எடுக்கிறவர் மண்ணில் வைக்கோல் மிதிப்பது எதற்கு? சாணி மெழுகிய தரை ஏன் வெடிப்பதில்லை? வீட்டுக்காரியும் அச்சுக்காரரும் ஒரே வித்தையைத்தான் செய்கிறார்கள். ஒருவர் பிழைத்தால் அடுப்பு விரியும், இன்னொருவர் பிழைத்தால் சிலை போகும். வித்தியாசம் அவ்வளவே.

ஆடி 6

மூன்று நாளுக்கு முன் எழுதியதை எல்லாம் ஒரு புத்தகத்தில் படித்தே தெரிந்துகொள்ளலாமே என்று கேட்கலாம். படிக்கலாம். எது எழுத்தில் ஏறும், எது ஏறாது என்பதைப் பிரித்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். நம் பக்கத்து விக்கிரகங்கள் உள்ளே கனமாக வார்க்கப்படுபவை, பொள்ளல் இல்லை. ஆகவே மெழுகு உருவத்தை நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு உலோகம் வேண்டும் என்பது தெரிந்துவிடும். செம்பு தண்ணீரைப் போல ஏறத்தாழ 9 மடங்கு கனம். குங்கிலியம் சேர்ந்த மெழுகு தண்ணீருக்குச் சமீபத்தில் நிற்கும். மெழுகின் எடையைப் பெருக்கிப் போட்டு, வழியில் சிந்துவதற்கும் குழாயில் நிற்பதற்கும் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் கணக்கு முடிந்தது. மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய மானசோல்லாசம் மெழுகு வார்ப்பை விவரிக்கும்போது இந்த எடைக் கணக்கையும் சொல்கிறது. எண்ணாக்க முடிந்ததை நூல் எண்ணாக்கிவிட்டது. அது யாருக்கும் பொது.

ஆனால் அந்த மெழுகு இருக்கிறதே, அது எண்ணுக்கு அடங்குவதில்லை. தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றும் சேர்ந்த கலவை அது. சித்திரை வெயிலில் குங்கிலியம் கூட வேண்டும், இல்லையென்றால் செய்த கை தொங்கிப்போகும். மார்கழிக் குளிரில் எண்ணெய் கூட வேண்டும், இல்லையென்றால் வளைக்கும்போது விரல் முறியும். இன்றைக்கு எவ்வளவு என்பதைக் கட்டைவிரல் அழுத்திப் பார்த்துத்தான் சொல்லும். நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம், உருவத்தின் அழகும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது என்பதே. மெழுகு எவ்வளவு தூரம் வளையச் சம்மதிக்கிறதோ அவ்வளவு தூரம்தான் இடுப்பு ஒசியும். இன்னும் ஒரு நூல் வளையலாம் என்று மெழுகு சொல்லும் கணத்தில்தான், வளைத்துப் பார்ப்போமே என்கிற யோசனை எழுகிறது. எழுந்த பிறகு அதற்குக் கற்பனை என்று பெயர். யோசனை முதலில், பொருள் பிறகு என்று நினைப்பது பட்டறைக்கு வெளியே நின்று பேசுகிறவர்களின் வழக்கம்.

ஆடி 9

இன்று பலமான ஆட்சேபம் ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நம் விக்கிரகக் கலையில் எல்லாமே சாஸ்திரம் வகுத்த அளவு; அங்கே பிள்ளைப்பிராயத்துக்கு என்ன வேலை? ஆட்சேபம் நியாயமானது. உத்தம தசதாளத்தில் நிற்கும் தெய்வத்தின் உயரம் 124 அங்குலப் பகுதிகள். முகம் இத்தனை, கழுத்து இத்தனை, தொடை இத்தனை என்று பங்கு பிரித்தாயிற்று. ஸ்தபதி சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலை நறுக்கு ஒன்றை வெட்டி, மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வார். ஒடியோலை என்று அதற்குப் பெயர். வேலை முடிகிறவரை அதுதான் அளவுகோல். கிராமம் இங்கே ஓலை கொடுத்ததோடு சரி என்று தோன்றும்.

இந்த ஆட்சேபத்தைத் தஞ்சாவூர்க் கலைக்கூடத்துக்கு அழைத்துப்போக வேண்டும். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் அங்கே நிற்கிறார். முதலாம் ராஜராஜன் காலம், 1011ஆம் ஆண்டையொட்டிச் செய்தது. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிய சிவன், ஒரு காலை ஊன்றி மறு காலைக் குறுக்கே வைத்து, பக்கத்தில் நிற்கும் காளையின் மேல் கையைச் சாய்த்திருக்கிறார். காளை இப்போது இல்லை, காலத்தில் தொலைந்துவிட்டது. ஆனாலும் அது நிற்கிற இடம் தெரிகிறது, அதன் உயரம் தெரிகிறது, அசையாமல் நிற்கும் என்று அவர் அதை நம்புவதும் தெரிகிறது. சாய்ந்த கையில் விழுந்த பாரம் தோளை எவ்வளவு தளர்த்தும், எந்த இடுப்பு வெளியே தள்ளும், ஊன்றிய காலில் மிச்சம் எவ்வளவு நிற்கும் என்பதெல்லாம் சரியாக இருப்பதால்தான் இல்லாத காளை நமக்குத் தெரிகிறது. சாஸ்திரம் கையின் நீளத்தைச் சொல்லும், முத்திரையைச் சொல்லும். மாட்டின் மேல் சாய்ந்தால் உடம்பு எப்படி இளகும் என்பதை மாட்டோடு பழகிய உடம்புதான் சொல்ல முடியும். காட்சியை நகலெடுப்பதுதான் தூண்டுதல் என்றால் காளை போனதோடு சிலையின் உயிரும் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏனென்றால் சிற்பி வார்த்தது காளை இருக்கும் உணர்வை. அளவு கட்டுப்படுத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் எலும்புக்கு அளவு விதித்தவர்கள் தசையை விட்டுவைத்தார்கள். அந்த விட்ட இடத்தில்தான் கை பேசுகிறது.

ஆடி 12

அடுத்த ஆட்சேபம்: நகரத்தில் பிறந்தவர்கள் பெரிய வார்ப்பு செய்யவில்லையா? செய்தார்கள். பென்வெனுட்டோ செல்லினி பிளாரன்ஸ் நகரத்துப் பிள்ளை, தங்கவேலைக்காரர். 1554இல் அந்த நகரத்துச் சதுக்கத்தில் அவருடைய வெண்கலப் பெர்சியஸ் திறந்துவைக்கப்பட்டது. அது வார்க்கப்பட்ட கதையை அவரே தன் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். உலையில் உலோகம் பாதியில் உறையத் தொடங்கியது. காய்ந்த கருவாலி விறகைக் கொண்டுவந்து போட்டார். அதுவும் போதவில்லை என்றதும் வீட்டில் இருந்த வெள்ளீயத் தட்டுகளையும் கிண்ணங்களையும், இருநூறு அளவில், உலைக்குள் வீசினார். உலோகம் இளகி ஓடியது. வெள்ளீயம் சேரச் சேரச் செம்பின் உருகுநிலை இறங்கும், காரணம் அதுதான். இந்தக் கதை என் கட்சியைத் திருத்துகிறது. செல்லினியைக் காப்பாற்றியது கிராமம் இல்லை, சமையலறை. அந்த விறகு எப்படி எரியும், அந்தத் தட்டு எதனால் ஆனது என்று தெரிந்த வீடுகள் அன்றைய நகரத்தில் இருந்தன. ஆக, கிராமம் என்று நான் எழுதிவந்த இடத்தில் எல்லாம் 'பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வாழ்க்கை' என்று திருத்திக்கொள்கிறேன். நம் காலத்தில் அது பெரும்பாலும் கிராமத்தில் மிஞ்சியிருக்கிறது என்பதால்தான் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம்.

கிராமத்துக்காரர் ஒருவரையும் பார்த்துவிடலாம். கான்ஸ்டன்டின் பிரான்குசி 1876இல் ருமேனியாவின் ஹோபிட்சா என்ற சிற்றூரில் பிறந்தவர்; ஆடு மேய்த்தவர், மரம் செதுக்கியவர், பிறகு பாரிசுக்குப் போனவர். 1938இல் டிர்கு ஜியு ஊரில் அவர் நிறுத்திய முடிவிலாத் தூண் கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரம். வார்ப்பிரும்புத் துண்டுகளை எஃகு நடுத்தண்டில் கோத்தது. அந்தப் பக்கத்துக் குடியானவர் வீட்டுத் திண்ணைத் தூணைத்தான் அவர் பெரிதாக்கினார் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் திண்ணைத் தூணைப் பார்த்த எல்லாருக்கும் அது அகப்படவில்லை. கோடரியால் கட்டையை வெட்டிக் குறுக்கி, மறுபடி அகலவிட்டு, திரும்பக் குறுக்கும் அசைவைக் கை ஆயிரம் தடவை செய்திருந்தால்தான், அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் அடுக்கிக்கொண்டே போகலாம் என்று தோன்றும். வெண்கலத்தையும் அவர் மரத்தச்சனைப் போலவே நடத்தினார். வார்ப்பு வந்ததும் வேலை முடிந்ததாக எண்ணாமல் அரத்தால் ராவி, கையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். 1926இல் அவருடைய பறவைச் சிலை ஒன்றை அமெரிக்கச் சுங்கத்துறை கலைப்பொருள் என்று ஏற்காமல், உலோகச் சாமான் கணக்கில் 40 சதவீதம் வரி போட்டது. வழக்கு நடந்து 1928இல் அது கலைதான் என்று தீர்ப்பானது. அலகும் சிறகும் இல்லாததால் அதிகாரிக்குப் பறவை தெரியவில்லை. பறவையின் படத்தைத் தேடியவருக்குப் பறக்கும் வேகம் தட்டுப்படவில்லை.

ஆடி 15

இதுவரை எழுதியதில் ஒரு வசதியான மௌனம் இருக்கிறது. அதை இன்று கலைக்க வேண்டும். வண்டலை நன்றாக அறிந்தவர் யார்? முழங்கால் சேற்றில் நாற்று நட்டவர். சாணியின் பதம் தெரிந்தவர் யார்? வறட்டி தட்டிய பெண். அவர்களுடைய பிள்ளைகளுக்கு என் கட்சிப்படி எல்லா முன்னறிவும் இருந்தது. ஆனால் மெழுகை அவர்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை. வார்ப்பு கம்மாளர் குடும்பங்களுக்குள் தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது, மகளுக்குக்கூடப் போகவில்லை. கிராமத்துப் பால்யத்தைப் புகழ்கிறவர்கள் இதை மறைத்துவிட்டால் அந்தப் புகழ்ச்சிக்கு மதிப்பில்லை. உலைச்சூட்டில் துருத்தி ஊதிய சிறுவர்களின் இருமலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகவே என் வாதத்துக்கு ஓர் எல்லை போடுகிறேன்: பொருளோடு பழகிய கை அவசியம், அது மட்டும் போதாது, அந்தக் கைக்குத் தொழில் திறந்துவிடப்பட வேண்டும். மாமல்லபுரத்தில் 1957இல் அரசு தொடங்கிய சிற்பக்கலைக் கல்லூரி குலம் கேட்காமல் பிள்ளைகளைச் சேர்த்தது. ஆயிரம் வருஷமாக மூடியிருந்த கதவு அப்படித்தான் திறந்தது.

வெப்பமானி வந்துவிட்டது, மின்உலை வந்துவிட்டது, இனிக் கையறிவு எதற்கு என்பவர்களுக்கும் இதே இடத்தில் பதில் சொல்லலாம். வெப்பமானி வரட்டும், செம்பு 1085 டிகிரியில் உருகும் என்பதைத் தீயின் நிறத்தைப் பார்த்துக் கண் கெட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கருவி எந்தக் கேள்விக்குப் பிறந்ததோ அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும். மண் சரியாக உலர்ந்ததா, மெழுகு இன்னும் வளையுமா, இந்தத் தோள் இந்தப் பாரத்துக்கு இவ்வளவு தளரலாமா என்கிற கேள்விகளைக் கேட்கவே ஒரு கை வேண்டும். கேள்வி கேட்கத் தெரியாதவனுக்கு எந்தக் கருவியும் உதவாது.

ஆடி 18

பதினெட்டாம் பெருக்கு. காவிரிக் கரையெங்கும் புதுப்புனலுக்குப் படைக்கிற நாளில் இந்தக் குறிப்புகளை முடிப்பது பொருத்தம்தான். பூச்சுகளை நினைத்தால் ஓர் உவமை தானாக வருகிறது: பிள்ளைப்பிராயம் என்பது முதல் பூச்சு. பின்னால் பூசுகிற கனத்த மண்ணெல்லாம் பலத்துக்கு. நுணுக்கம் பதிவது மெழுகைத் தொட்ட அந்த மெல்லிய வண்டலில்தான். அதைச் சரியாகத் தடவவில்லை என்றால் மேலே எத்தனை மண் அப்பினாலும் நகக்கண் வராது. ஆனால் உவமையை ஒரு அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. அச்சு ஒரு தடவைதான் பயன்படும், உடைத்தால்தான் சிலை வெளியே வரும். மனிதருக்கு அப்படியில்லை, முப்பது வயதிலும் ஒருவர் மண் பிசையத் தொடங்கலாம், தாமதமாகும், அவ்வளவுதான்.

ஆகையால் என் கவலை கிராமத்தின் படங்கள் மறைவதைப் பற்றியது அன்று. படங்கள் எங்கும் போகாது. அவற்றைக் காட்ட ஆயிரம் சாதனங்கள் இருக்கின்றன. மறைவது வண்டல். 1934இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு ஆறு சுமந்துவருவதில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆற்றுக்கு நேர்ந்தது வீடுகளுக்கும் நேர்ந்திருக்கிறது: எரிவாயு வந்து மண் அடுப்பு போனது, சிமெண்ட் வந்து சாணித்தரை போனது. இரண்டும் பெண்களின் முதுகுக்கும் நெஞ்சுக்கும் நல்லது. திரும்பி வர வேண்டியதில்லை. ஆனால் அவற்றோடு சேர்ந்து, கேட்காமலே கிடைத்த பாடமும் போனது. இனி அதைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஓவியத்துக்கு ஒரு மணி இருப்பதுபோல், மண்ணுக்கும் மெழுகுக்கும் ஒரு மணி வேண்டும். ஸ்தபதியின் மகனுக்கும் நாற்று நட்டவரின் மகளுக்கும் ஒரே மேசையில். அதில் எத்தனை பேர் வார்ப்புக்காரர் ஆவார்கள் என்று கேட்டால் பதில் இல்லை, தேவையும் இல்லை. பூசிய மண் ஏன் வெடித்தது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது.