எங்க புல்லட்டுக்கு சார்ஜ் ஏறாத கதை

மல்லிப்பூ வெள்ளாமை இருக்கற வீட்டுல கடிகாரம் வேற மாதிரி ஓடும். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு மொட்டுப் பறிக்கணும். விடியறதுக்குள்ள பையில கட்டி சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போகணும். மொட்டு மூடியிருக்கற வரைக்கும்தான் விலை. வெயில் பட்டு விரிஞ்சுருச்சுன்னா அப்புறம் கேக்கறவங்க கேக்கறதுதான் விலை. நகரத்துல இருந்து இதைப் படிக்கறவங்களுக்கு, முழம் பூவுக்குப் பின்னாடி இப்படி ஒரு ஓட்டம் இருக்குதுன்னு தெரிஞ்சிருக்க நியாயமில்லை.

எங்க தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவுல பதினாலு கிலோமீட்டர். அந்த பதினாலு கிலோமீட்டரை வருசக்கணக்கா ஓட்டிக்கிட்டு இருக்கறது ஒரு பழைய புல்லட். எங்கப்பா 1984-ல வாங்கினது. சென்னை திருவொற்றியூர் பேக்டரியில செஞ்ச வண்டி. கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. புது வண்டி ஓட்டிப் பழகின பசங்க ஏறினா ரெண்டு நிமிசம் திணறிப் போவாங்க. ஆதியில 6 வோல்ட்டு. வெளக்கு வெளிச்சம் பத்தலைன்னு பிற்பாடு எங்கப்பாவே 12 வோல்ட்டுக்கு மாத்தினார்.

அந்த வண்டி போன மாசம் விடியக்காலம் நாலரை மணிக்கு வாய்க்கா பாலத்துக்குப் பக்கத்துல நின்னுருச்சு. ஹெட்லைட்டு மொதல்ல மஞ்சளாச்சு, அப்புறம் சிவப்பாச்சு, அப்புறம் இஞ்சின் ரெண்டு இருமல் இருமிட்டு அடங்கிப்போச்சு. ஆனை நடமாட்டம் உள்ள ரோடு. பின்னாடி எங்க வீட்டு அம்மிணி, நடுவுல பூப்பை. பால் வண்டிக்காரர் ஒருத்தர் வந்து பூவை ஏத்திக்கிட்டுப் போனதால அன்னைக்குத் தப்பிச்சோம்.

பழைய புல்லட்டுல பேட்டரி தீர்ந்தா ஏன் இஞ்சினும் நிக்குதுன்னு கேப்பீங்க. ஸ்பார்க் பிளக்குக்குப் போற பொறி, காயில் வழியா பேட்டரியில இருந்துதான் வருது. பேட்டரி வத்திப்போனா வெளக்கும் இல்லை, பொறியும் இல்லை.

ஊர்ல தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் பார்த்துட்டு, "சார்ஜ் நல்லா வருதுங்க, பேட்டரிதான் பழசு" அப்படின்னார். புதுசு போட்டோம். பத்தே நாள். மறுபடியும் அதே பாலம், அதே மஞ்சள் வெளிச்சம்.

இந்த நேரம் பார்த்து கோயமுத்தூர்ல இருந்து ஒரு தம்பி வந்தார். பழைய வண்டிகளைச் சேர்க்கறவர். "ஓடாட்டியும் பரவாயில்லைங்க, இருக்கற மேனிக்கே எடுத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை வர்றேன், யோசிச்சுச் சொல்லுங்க"ன்னு ஒரு விலையும் சொல்லிட்டுப் போனார். நல்ல விலைதான். திருப்பூர்ல இருக்கற பையனும் போன்ல, "குடுத்துடலாங்ப்பா. ராத்திரி நேரத்துல நீங்க ரெண்டு பேரும் இப்படி நடுரோட்டுல நிக்கறது எனக்கு பயமா இருக்குது"ன்னான். அவன் சொல்றதுல நியாயம் இருக்குது. ஆனா என்ன நோய்னே தெரியாம வண்டியைக் குடுக்கறது, காய்ச்சலோட மாட்டை சந்தைக்கு ஓட்டிட்டுப் போற மாதிரி. மொதல்ல நோயைக் கண்டுபிடிக்கலாம், அப்புறம் விக்கறதா வெச்சுக்கறதான்னு பார்க்கலாம்னு உக்கார்ந்தேன்.

முப்பது வருசமா கிணத்து மோட்டாரோட மல்லுக்கட்டினவனுக்கு புல்லட் கரண்டு புரியாத சங்கதி இல்லைங்க. ரெண்டும் ஒன்னுதான். இஞ்சின் அச்சுல காந்தம் சுத்துது. அதைச் சுத்தி ஸ்டேட்டர்னு சொல்ற காயில் கட்டு இருக்குது. அங்கே கரண்டு பொறக்குது. அது கிணத்து மோட்டார்னு வெச்சுக்கோங்க. அங்கே பொறக்கறது ஏசி கரண்டு, முன்னும் பின்னும் ஓடும். பேட்டரிக்கு ஒரே பக்கமா ஓடற டிசிதான் வேணும். அதனால நடுவுல ரெக்டிபையர். புட்வால்வு மாதிரி, போன தண்ணியைத் திரும்ப விடாது. அதோட சேர்ந்த ரெகுலேட்டர் அளவுக்கு மேல போகாம மடை கட்டும். பேட்டரி தொட்டி. வெளக்கும் காயிலும் வயல். ஹெட்லைட்டு மேல இருக்கற அம்மீட்டர் முள், வாய்க்கால்ல மிதக்கற சருகு மாதிரி. தண்ணி தொட்டிக்குள்ள போகுதா, வெளியே போகுதான்னு அது காட்டிக் குடுத்துரும்.

வயலுக்குத் தண்ணி வரலைன்னா எங்கிருந்து பார்ப்போம்? தொட்டியில இருந்து கிணத்தை நோக்கி ஒவ்வொரு மடையா நடந்து போவோம். அதேதான் செஞ்சேன். கையில ஒரு மீட்டர், ஒரு பழைய பல்பு. அவ்வளவுதான்.

மொதல்ல தொட்டி. பேட்டரியைக் கழட்டி வெளி சார்ஜர்ல முழுசா ஏத்தி, ஒரு ராத்திரி சும்மா வெச்சேன். காலையில 12.7 வோல்ட்டு. 12.6-க்கு மேல நின்னா நிறைஞ்ச பேட்டரி. 12-க்குக் கீழே போச்சுன்னா கிட்டத்தட்ட காலி. ஹெட்லைட்டைப் போட்டு அஞ்சு நிமிசம் விட்டும் 12-க்குக் கீழே இறங்கலை. பேட்டரி மேல குத்தமில்லை.

ரெண்டாவது, ராத்திரியில ஒழுகுதான்னு பார்த்தேன். சாவியை எடுத்துட்டு, பேட்டரியோட ஒரு ஒயரைக் கழட்டி, அந்த இடைவெளியில மீட்டரை ஆம்பியர்ல வெச்சேன். ரெக்டிபையர் கெட்டிருந்தா, புட்வால்வு ஒழுகுற மாதிரி, வண்டி சும்மா நிக்கறப்பவே பேட்டரி வத்தும். மீட்டர் பூச்சியம் காட்டுச்சு. ஒழுக்கு இல்லை.

மூணாவது எர்த்து. பேட்டரி மைனஸ் ஒயர் சேசிஸ்ல சேர்ற இடம், இஞ்சின் போல்ட்டு, எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேய்ச்சேன். பழைய வண்டியில பாதி நோய் துருப்பிடிச்ச எர்த்துலதான் இருக்கும். இங்கே அது இல்லை.

நாலாவது, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி பேட்டரி முனையில வோல்ட்டு பார்த்தேன். ஆக்சிலேட்டர் கொஞ்சம் குடுத்தா 14 வோல்ட்டு. அம்மீட்டர் முள்ளும் பிளஸ் பக்கம் சாய்ஞ்சு நிக்குது. சார்ஜ் ஏறுது! மெக்கானிக் சொன்னது பொய் இல்லை. அவர் பார்த்தப்பவும் இப்படித்தான் காட்டியிருக்கும்.

அப்போ பேட்டரியை வத்த வெக்கறது எது? மீட்டரைக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு நின்னேன். பூக்கூடையைக் கழுவிக்கிட்டு இருந்த அம்மிணி தலையைத் தூக்காமயே சொன்னா: "ஏனுங்க, கெளம்பறப்ப வெளக்கு பளிச்சுனுதான் இருக்குது. வாய்க்கா பாலத்துக்கு வர்றப்பத்தான் மங்குது. தெனமும் அப்படித்தான். நீங்க கவனிச்சதில்லையா?"

பின் சீட்டுல உக்கார்ந்து வர்றவங்களுக்கு ரோட்டைப் பார்க்க நேரம் இருக்குது. பாலம் எங்க வீட்டுல இருந்து ஒன்பது கிலோமீட்டர். அதுக்குள்ள இஞ்சின் நல்லா சூடேறிரும். பச்சை இஞ்சின்ல கரண்டு இருக்குது, சூடானா இல்லை. நோய் சூட்டுல ஒளிஞ்சிருக்குது.

வண்டியை எடுத்துக்கிட்டு பாலம் வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வந்து, இஞ்சினை நிறுத்தாமயே மீட்டரை வெச்சேன். 12.1. ஆக்சிலேட்டரை முறுக்கினாலும் ஏறலை. அம்மீட்டர் முள் மைனஸ்ல படுத்துக் கிடக்குது. அப்பாடான்னு இருந்துச்சு. நோய் முகத்தைக் காட்டிருச்சு.

இனி கிணத்துப் பக்கம் நடக்கணும். இஞ்சினை நிறுத்தி, ஸ்டேட்டர்ல இருந்து ரெகுலேட்டருக்கு வர்ற ரெண்டு ஒயரையும் பிரிச்சு, சூடு ஆறறதுக்குள்ள மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். அந்த ரெண்டு ஒயருக்கு நடுவுல பழைய 12 வோல்ட்டு பல்பை மாட்டினேன். ஸ்டேட்டர் நல்லா இருந்தா, லேசா ஆக்சிலேட்டர் குடுத்தாலே பல்பு வெள்ளையா எரியணும். அதிகமா முறுக்கினா பல்பே போயிரும். இங்கே பல்பு மின்மினி மாதிரி இருந்துச்சு. அப்போ ரெகுலேட்டர் மேல பழி இல்லை. கிணத்துலயே தண்ணி வரலை.

திரும்பவும் இஞ்சினை நிறுத்தி, மீட்டரை "கீ"ன்னு கத்தற இடத்துக்குத் திருப்பி, ஒரு முனையை இஞ்சின் பாடியில, இன்னொரு முனையை ஸ்டேட்டர் ஒயர்ல வெச்சேன். இந்த ஒயர் பாடியில எங்கேயும் தொடக்கூடாது. சத்தமே வரக்கூடாது. கத்துச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சு, இஞ்சின் ஆறினதுக்கப்புறம் வெச்சேன். சத்தமில்லை.

சூடானா எர்த்து, ஆறினா சுத்தம். எங்கேயோ ஒயரோட தோல் கெட்டிருக்குது.

புல்லட்டுல ஸ்டேட்டர் இருக்கறது இடது பக்க சைன் கேஸுக்குள்ள, ஆயில் நடுவுல. கால் வெக்கற ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழட்டி, ஆயிலை வடிச்சு, நடுவுல இருக்கற ஒத்தை நட்டைத் திருப்பினா மூடி கையோட வந்துரும். அந்தக் காலத்துல ரிப்பேர் பார்க்கறவனையும் மனசுல வெச்சு வண்டி செஞ்சிருக்காங்க. உள்ளே டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒயர் சைன் கேஸை விட்டு வெளியே வர்ற ஓட்டையில இருக்கற ரப்பர் கல்லாட்டம் இறுகிக் கிடக்குது. அந்த எடத்துல ரெண்டு ஒயரும் சூட்டுலயும் ஆயில்லயும் வெந்து, தோல் கருவாடு மாதிரி வெறைச்சு வெடிச்சிருக்குது. வெடிப்புக்குள்ள செம்பு மின்னுது. சூடு ஏறினா மிச்சமிருக்கற தோல் இளகி, ரெண்டு செம்பும் இரும்புல அழுந்துது. பொறக்கற கரண்டு ரெகுலேட்டருக்குப் போய்ச் சேராம அங்கேயே ஒன்னுக்கொன்னு முட்டித் தீர்ந்துருது.

ஒயரோட எங்க மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்கு மாமன் முறை. "மாப்ள, ஸ்டேட்டரை மாத்தச் சொல்லியிருப்பாங்களே?"ன்னு சிரிச்சார். கெட்ட எடத்தை வெட்டி, சூடு தாங்கற ஒயரை ஈயம் வெச்சுப் பத்தி, மோட்டார் வைண்டிங்குக்குப் போடற கண்ணாடி நூல் சிலீவை ஏத்தி, வார்னீஷ் பூசிக் குடுத்தார். புது ரப்பர், ஆயில் எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. மூடறதுக்கு முன்னாடி பீலர் கேஜ் விட்டு காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவுல சுத்திலும் ஒரே இடைவெளி இருக்குதான்னு பார்த்துக்கிட்டேன். எட்டு தௌ இருந்தா நல்லது. ஒரு பக்கம் உரசினா புது ஸ்டேட்டரும் போயிரும். ஒயரை சைன் உரசாத மாதிரி ஒதுக்கிக் கட்டினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பாலம் வரைக்கும் ரெண்டு தரம் ஓட்டிட்டு வந்து, இஞ்சின் கொதிக்கறப்ப மீட்டரை வெச்சேன். ஹெட்லைட்டு எரியறப்ப 13.9. பையன் திருப்பூர்ல இருந்து வந்திருந்தான். மீட்டரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது அவன்தான். ஒன்னும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "நாளைக்கு மார்க்கெட்டுக்கு நான் ஓட்டறேங்ப்பா"ன்னான். வலது கால் கியருக்குப் பழக அவனுக்கு ரெண்டு மைல் ஆச்சு.

ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர் தம்பி வந்தார். இப்போதைக்குக் குடுக்கறதா இல்லைங்கன்னு சொல்லி, காபி குடுத்து, கதையைச் சொன்னேன். வருத்தப்படலை. அவர் வெச்சிருக்கற ஒரு வண்டியிலயும் இதே மாதிரி சார்ஜ் வந்து வந்து போகுதாம், குறிச்சுக்கிட்டுப் போனார். பேட்டரி மாத்தின மெக்கானிக் கடையிலயும் நிறுத்திச் சொன்னேன். "இனிமேல் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வரச் சொல்லித்தானுங்க மீட்டரே வெக்கோணும்"னார்.

உங்க வீட்டுலயும் தாத்தா காலத்து வண்டி ஒன்னு மூலையில நின்னா, விக்கறதுக்கு முன்னாடி ஒரு மீட்டர் வாங்குங்க. தொட்டியில இருந்து கிணத்துக்கு நடங்க. பச்சையா ஒரு தரம், சூட்டுல ஒரு தரம் பாருங்க. பின் சீட்டுல உக்கார்ந்து வர்றவங்க ஏதாவது சொன்னா, காதைக் குடுத்துக் கேளுங்க.