டெஸ்ட் ஆற்றின் மே மாதம்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஓடும் டெஸ்ட் ஆறு, சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளில் பிறப்பது. கோடையிலும் குளிர்ச்சி, கண்ணாடித் தெளிவு. மே பிற்பகுதியில் அந்தக் கரையில் நிற்பதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு வேறில்லை.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வண்டலுக்குள் வாழ்ந்த மேஃபிளை பூச்சிகள் அப்போது சிறகு முளைத்து மேலே வரும். அதன்பின் அவை எதையும் உண்பதில்லை. இணைசேர்ந்து, முட்டையிட்டு, சில நாட்களில் மடிந்துவிடும். டிரௌட் மீன்களுக்கு அதுதான் விருந்து. இறகும் நூலும் கொண்டு கட்டிய போலிப் பூச்சியை மீனுக்குச் சற்று மேல்நீரில் இறக்கி, ஓட்டத்தோடு இயல்பாக மிதந்துவர விடவேண்டும். அந்தச் சில நொடிகளுக்காகவே இந்தத் தூண்டில் கலை.

ஜூலை வெயிலில் மீன் மேலே வர அந்திவரை காத்திருக்கவேண்டும். இலையுதிர்காலத்தில் தூண்டிலை மடக்கிவிடுவோம்.

குளிர்காலத்தில் பெண்மீன் கூழாங்கற்களைத் தோண்டி முட்டையிடும். அப்போது தயவுசெய்து அந்த இடங்களில் கால் வைக்காதீர்கள், நண்பர்களே. முட்டைகள் நசுங்கிவிடும்.