குறுக்கே வந்த ஆடு

கைக்குழந்தையோடு நீங்கள் போன நீண்ட பயணம் எது? நம்மில் பெரும்பாலோருக்கு அது ராத்திரி ரயிலாக இருக்கும். பெர்த் சங்கிலியில் பழைய புடவையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டால் போதும், ரயிலே ஆட்டிக்கொள்ளும். நான் சொல்லப்போவது காரில். தூளி கிடையாது. மடியும் கிடையாது. சிக்கலே அதில்தான்.

2019 ஜூனில் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். “இவ்ளோ தூரம் வந்துட்டு கிராண்ட் கேன்யன் பார்க்காம போனா எப்படி மச்சான்?” என்றார் மாப்பிள்ளை. பக்கத்திலா என்றேன். “இதோ, ரெண்டு நாள் டிரைவ்” என்றார், ஏதோ தெருமுனை டீக்கடையைச் சொல்வது போல.

பி.காம். படித்தவனுக்கு எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். சுமார் 775 மைல். அதாவது 1,250 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், முக்கடலைப் பார்த்துவிட்டு, திரும்பி விழுப்புரம் வரைக்கும் வருகிற தூரம். ஒரு வழிக்கு மட்டும்!

மினிவேனில் ஏழு பேர். நான், மனைவி, பதினொரு வயது மகள், தங்கை, மாப்பிள்ளை, அவர்களுடைய ஆறு வயதுப் பையன், ஏழு மாதப் பாப்பா. ஆட்களில் சின்னவள் பாப்பாதான். சாமானில் முக்கால்வாசி அவளுடையது. டயபர் மட்டும் ஒரு மூட்டை. பால் பவுடர், ஃப்ளாஸ்க்கில் வெந்நீர், மடக்கு வண்டி, மாற்று உடுப்பு, மாற்றுக்கு மாற்று. எங்கள் பங்குக்குப் புளியோதரையும், சுருட்டி வைத்த சப்பாத்தியும், ஓட்டல் அறையில் திருட்டுத்தனமாகச் சாதம் வடிக்க ஒரு கரண்ட் குக்கரும்.

பாப்பாவின் கார் சீட் நடு வரிசையில். அதுவும் பின்பக்கம் பார்த்து. நாமெல்லாம் ஊரைப் பார்த்துப் போவோம், அவள் மட்டும் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவாள். “இது என்ன, பிள்ளையைக் கட்டிப் போட்டுக் கூட்டிட்டுப் போறது?” என்றாள் என் மனைவி. கலிபோர்னியாவில் ரெண்டு வயது வரை பொதுவாக இப்படித்தான் உட்கார வைக்க வேண்டும், சட்டம். காரணத்தை மாப்பிள்ளை சொன்னார். கைக்குழந்தைக்கு உடம்பில் கால்வாசி தலைதான். கழுத்தோ இன்னும் பலப்படவில்லை. முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது வண்டி மோதினால் அந்தக் கனத்த தலை முன்னே பாயும். முதுகு காட்டி உட்கார்ந்திருந்தால் அடியை முதுகு முழுக்கப் பரப்பி சீட் வாங்கிக்கொள்ளும். ஸ்வீடன்காரர்கள் 1964லேயே இப்படி ஒரு சீட் செய்து சோதித்துப் பார்த்தார்களாம், விண்வெளி வீரர்கள் மல்லாந்து உட்கார்ந்து கிளம்புவதைப் பார்த்து வந்த யோசனை.

முதல் நாள் நன்றாகவே போனது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தி பாப்பாவை சீட்டிலிருந்து எடுத்தே ஆக வேண்டும், அதற்கு மேல் அந்த வளைந்த சீட்டில் ஒரே மூச்சாகக் கிடக்கக் கூடாது. நாங்களும் அந்தச் சாக்கில் இடுப்பை நிமிர்த்திக்கொண்டோம். ஓரிடத்தில் மாப்பிள்ளை டயபர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாப்பாவோடு ஆண்கள் கழிவறைக்குள் போனார். உள்ளே சுவரில் குழந்தையைக் கிடத்த மடக்குப் பலகை இருந்தது. நான் கை கழுவுகிற சாக்கில் வேடிக்கை பார்த்தேன். ஒன்றரை நிமிஷம். என் மகளுக்கு நான் மொத்தம் எத்தனை முறை மாற்றியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது.

பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டி, டெஹச்சாபி மலை ஏறும்போது ஒரு கூட்ஸ் வண்டி. 1876ல் போட்ட பாதை அது. மலையில் ஏறுவதற்காக ஓரிடத்தில் தண்டவாளத்தை வட்டமாக வளைத்திருக்கிறார்கள், நீளமான ரயிலாக இருந்தால் தன் வாலுக்கு மேலேயே ஏறிப் போகும். பசங்க ரெண்டும் பெட்டிகளை எண்ண ஆரம்பித்து, நூற்றுப் பன்னிரண்டில் சண்டை வந்து விட்டுவிட்டார்கள். “இன்னும் எவ்ளோ நேரம்?” என்ற கேள்வி அரை மணி நேரம் வராமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். ராத்திரி பார்ஸ்டோ ஊரில் தங்கல்.

மறுநாள் அங்கிருந்து மொஹாவி பாலைவனம். லட்லோ என்ற இடத்தில் பெட்ரோல், பசங்களுக்கு ஐஸ்கிரீம், பாப்பாவுக்குப் பால், புது டயபர், ஏப்பம். எல்லாம் முறைப்படி. கிளம்பி ஏழாவது நிமிஷம் பாப்பா வீறிட்டாள்.

சாதாரண அழுகை இல்லை. முகம் செக்கச்செவேலென்று ஆகி, மூச்சு இழுத்து, ஒரு நொடி சத்தமே இல்லாமல் நின்று, பிறகு வருமே, அது.

“தூக்கும்மா. அஞ்சு நிமிஷம் மடியில வச்சா அடங்கிடுவா” என்றாள் மனைவி.

“ஓடுற வண்டியில முடியாது அண்ணி.”

“பிள்ளைக்கு மூச்சு முட்டுது பாரு.”

“அழட்டும் அண்ணி.”

சின்ன வயதில் கோழி அறுப்பதைப் பார்த்துவிட்டு ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள் என் தங்கை. அவளா இது? எனக்கே கோபம் வந்தது. “ஓரமா நிறுத்துங்க மாப்ளே” என்றேன். அவசரத்துக்குத் தவிர ஓரத்தில் நிறுத்தக் கூடாது என்றார். பக்கத்திலேயே லாரிகள் சீறிக்கொண்டு போகின்றன. வெளியே 42 டிகிரி. லட்லோவை விட்டால் அடுத்த எக்ஸிட்டுக்கு 28 மைல், அதில் எட்டுதான் வந்திருக்கிறோம். “இன்னும் பதினேழு நிமிஷம் மச்சான்.”

பதினேழு நிமிஷம் அழும் குழந்தையோடு இருந்து பாருங்கள், தெரியும்.

கண்ணாடியில் தங்கையைப் பார்த்தேன். கையை சீட்டுக்குள் விட்டு பாப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு என்னவோ பாடிக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து முகவாயில் சொட்டியது. துடைக்கவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

“சமயபுரம் போனப்ப நான் பின் சீட்லதான் இருந்தேன்ணா” என்றாள்.

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

உங்களுக்கு விளங்காது, சொல்கிறேன். 2009ல் மகளுக்கு மொட்டை போட சமயபுரம் போனோம். வாடகை வேன். முன் சீட்டில் நான், என் மடியில் ஒரு வயது மகள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஆடு குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் அடித்தார். பிள்ளை வழுக்கிப் போய் டேஷ்போர்டில் நெற்றி மோதியது. இடது புருவத்துக்கு மேலே மூன்று தையல். பத்து வருஷமாக எங்கள் வீட்டில் அந்த ஆடுதான் குற்றவாளி. “அந்த ஆடு மட்டும் வராம இருந்திருந்தா” என்று என் அம்மா இன்றைக்கும் ஆரம்பிப்பாள்.

ஆடு வந்தது உண்மை. அப்போது என் ஒரு கையில் செல்போன் இருந்ததும் உண்மை. ஆபீஸில் யாரிடமோ, இப்போது நினைவில்கூட இல்லாத ஒரு விஷயத்துக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் பிடித்திருந்தது இன்னொரு கை. மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்திருந்தவள் தங்கை மட்டும்தான். பத்து வருஷமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. (என் மனைவிக்கு இந்த விஷயம் இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் தெரியப்போகிறது. வாசகர்கள் எனக்காக வேண்டிக்கொள்ளவும்.)

எக்ஸிட் வந்தது. கடை இல்லை, மரம் இல்லை, ஒரு பலகையும் வெயிலும்தான். ஓரங்கட்டி, ஏசியை ஓடவிட்டு, தங்கை பட்டியை அவிழ்த்து பாப்பாவைத் தோளில் போட்டாள். ரெண்டு விக்கல். ஒரே நிமிஷத்தில் என் மகளைப் பார்த்து பொக்கை வாய்ச் சிரிப்பு. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே இறங்கி நின்ற மாப்பிள்ளையிடம், ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தால் பிள்ளை நிற்குமா என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். நிற்காது என்றார். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் எட்டுக் கிலோ குழந்தை நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும், எந்த அப்பனாலும் முடியாது. இது எனக்கு ஆறுதலா இல்லையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கிராண்ட் கேன்யனா? பார்த்தோம். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆழம். விளிம்பில் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பசங்களுக்கு அணில்தான் பிடித்திருந்தது. தொடாதே, கடிக்கும் என்று பலகை வைத்திருக்கிற அளவுக்குக் கொழுத்த அணில்கள். பாப்பா தூங்கிவிட்டாள்.

2020 ஜனவரியில் தங்கை குழந்தைகளோடு சென்னை வந்தாள். கார் சீட்டையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று நம் ஊரிலும் சட்டம் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஏர்போர்ட்டில் பிடித்த டாக்ஸியில் பின் சீட்டு பெல்ட்டைத் தேடினோம். உறைக்கு அடியில் கைவிட்டு டிரைவரும் தேடினார். “யாரும் கேக்கறதில்ல சார், உள்ள போட்டுத் தச்சிட்டாங்க” என்றார். ராத்திரி ஒரு மணி. பையன் தூங்கி வழிகிறான். வேறு வண்டி பார்க்கலாமா என்றேன். தங்கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கார் சீட்டைத் தூக்கி டிக்கியில் வைத்துவிட்டு, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

நங்கநல்லூர் கிட்டத்தில்தான். ரெண்டு கையையும் கோத்துக்கொண்டு வந்தாள். விரல் வெளுத்திருந்தது. முன் சீட்டில் நான் செல்போனை அணைத்து சட்டைப் பையில் போட்டிருந்தேன். பின்னாலிருந்து என் மகளின் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

“அண்ணா, மெதுவா போங்கண்ணா.”